நியூகாசில் முதல் நெருள் வரை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கால்பந்து பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். பாதிதான் கால்பந்து, மீதி வேறு கதை.

2014 டிசம்பர் 20, சனிக்கிழமை மதியம். கோவண்டி ஸ்டேஷனில் பன்வேல் வண்டிக்காக நானும் பத்து வயது மகனும் நிற்கிறோம். நெருளில் இருக்கும் டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் அன்று மாலை முதலாவது ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷனில் ஒரு இறுதிப் போட்டி நடக்கும்போது போகாமல் இருந்தால் எப்படி? டிக்கெட்டை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். லீக் சுற்றில் முதலிடத்தில் இருந்தது சென்னை. அதனால் இறுதிக்குச் சென்னைதான் வரும் என்று மகனுக்கு நீல ஜெர்ஸிகூட வாங்கிக் கொடுத்தாயிற்று.

வந்தது கேரளா. நாலு நாளைக்கு முன்பு சென்னையில் நடந்த இரண்டாவது அரையிறுதியில், முதல் ஆட்டத்தில் வாங்கிய மூன்று கோலையும் சென்னை அணி திருப்பிக் கொடுத்துவிட்டது. கூடுதல் நேரம் முடிய மூன்றே நிமிடம் இருக்கும்போது ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கோல் போட்டு எங்கள் வீட்டில் மயான அமைதியைக் கொண்டுவந்தார். பக்கத்து ஃப்ளாட் சேட்டன் வீட்டில் அதே நேரத்தில் என்ன சத்தம் கேட்டது என்பதை நான் எழுத வேண்டியதில்லை :-)

ஆக, வண்டி முழுக்க மஞ்சள் ஜெர்ஸி, நடுவில் எங்கள் வீட்டுப் பையன் மட்டும் நீலம். மான்கூர்ட் தாண்டி வண்டி கடல் கழியின் மேல் ஓடும்போது, எதிரே நின்ற ஒருவரின் முதுகில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அவன் கேட்டான்: "அப்பா, சோப்ரான்னா நம்ம ஊர்ப் பேருதானே? அப்புறம் ஏன் அவரை ஃபாரின் ப்ளேயர் கணக்குல வச்சிருக்காங்க?"

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதிலைத் தெரிந்துகொள்ள அந்த மனிதரின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கேள்விதான் கூடிக்கொண்டு போனது.

மைக்கேல் சோப்ரா 1983 டிசம்பர் 23 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில், காஸ்ஃபோர்த் என்ற பகுதியில் பிறந்தவர். அப்பா வழி பஞ்சாப், அம்மா ஆங்கிலேயர். அதே காஸ்ஃபோர்த்தில் 13 வருடம் முன்னால் பிறந்த இன்னொருவரின் பெயர் ஆலன் ஷியரர். இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் அதிக கோல் போட்ட ஆள், நியூகாசில்காரர்களுக்குக் குலதெய்வம். அந்த ஊரில் பந்தைத் தொடுகிற எந்தப் பையனுக்கும் ஷியரரின் 9ஆம் எண் ஜெர்ஸி மேல்தான் கண். சோப்ரா சின்ன வயதிலேயே நியூகாசில் கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். இங்கிலாந்தின் இளையோர் அணிகளுக்கும் ஆடினார்.

இந்த இடத்தில் இங்கிலாந்துக் கால்பந்தின் ஏணியைப் பற்றி இரண்டு வார்த்தை. பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே மூன்று படி, படிக்கு 24 அணி. மொத்தம் 92. இதில் வேடிக்கை, இரண்டாவது படிக்குப் பெயர் 'சாம்பியன்ஷிப்', மூன்றாவது படிக்குப் பெயர் 'லீக் ஒன்', நாலாவதற்கு 'லீக் டூ'. 2004இல் யாரோ விளம்பரக்காரர் யோசனையில் வைத்த பெயர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கீழே தேறுகிறவர்கள் மேலே ஏறுவார்கள், மேலே தேறாதவர்கள் கீழே இறங்குவார்கள். நமக்கெல்லாம் டி.வி.யில் தெரிவது முதல் படி மட்டும்தான். கீழ்ப் படிகளிலும் வருடத்துக்கு 46 லீக் ஆட்டம், சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும், மழையில், சேற்றில். மும்பைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், எங்கள் ஹார்பர் லைன். ஃபாஸ்ட் லோக்கல் என்ற பேச்சே இங்கே கிடையாது. எல்லா ஸ்டேஷனிலும் நின்றுதான் போகும். ஆனால் அதிலும் லட்சக்கணக்கான ஜனம் தினமும் வேலைக்குப் போய் வருகிறது.

சோப்ரா நியூகாசிலின் முதல் அணிக்கு வந்தது 2002 நவம்பரில், லீக் கோப்பையில் எவர்ட்டனுக்கு எதிராக. வயது 18. ஆனால் ஷியரர் இருக்கும் அணியில் இன்னொரு ஸ்ட்ரைக்கருக்கு எங்கே இடம்? பெரிய கிளப்புகள் இந்த மாதிரிப் பையன்களைக் கீழ்ப் படி அணிகளுக்கு இரவல் கொடுப்பார்கள். 2003 மார்ச்சில் வாட்ஃபோர்டுக்குப் போனார். ஏப்ரலில் பர்ன்லி ஊரில் ஒரு ஆட்டம், வாட்ஃபோர்ட் 7, பர்ன்லி 4. (ஆமாம், கால்பந்துதான், ஹாக்கி இல்லை.) அந்த ஏழில் நாலு சோப்ரா போட்டது. பத்தொன்பது வயதுப் பையன் ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டால் அவனைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசும்? அடுத்த வருடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே ஒரு கோல்கூட இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இவரது வாழ்க்கையில் ரொம்பப் பிடித்தது அதற்கடுத்த வருடம், 2004-05. இரவல் போன இடம் பார்ன்ஸ்லி, அதாவது மூன்றாவது படி. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், சுரங்கங்களை மூடிய பிறகு வேலையில்லாமல் நொடிந்துபோனது. அங்கே ஒரு முழு சீசன் இருந்து லீக்கில் 39 ஆட்டத்தில் 17 கோல் போட்டார். ஸ்ட்ரைக்கர் என்பவன் தொழில் கற்றுக்கொள்வது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்பது என் அபிப்பிராயம். பெரிய கிளப்பின் பயிற்சி மைதானத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் கால் பழகும். 'இன்று தோற்றால் கீழே விழுவோம்' என்ற பயத்தோடு பத்தாயிரம் பேர் கத்தும்போது எங்கே நிற்பது, பந்து எங்கே வந்து விழும் என்பதெல்லாம் அங்கே பழகாது. நான் 1998இல் இந்த ஊருக்கு வந்தபோது முதல் இரண்டு வருடம் ஒரு சின்னப் பட்டறை மாதிரியான கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். இன்றைக்கு எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அங்கே கற்றது. அதனால் எனக்கு இந்தப் பார்ன்ஸ்லி மேல் ஒரு பாசம், போய்ப் பார்க்காமலே.

2006 ஏப்ரல் 17. நியூகாசிலும் சண்டர்லேண்டும் ஜென்மப் பகையாளிகள். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு மைல்தான். ஆட்டம் சண்டர்லேண்டில், நியூகாசில் 0-1 என்று பின்தங்கி இருந்தது. இரண்டாம் பாதியில் சோப்ராவை இறக்கினார்கள். களத்துக்குள் வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, கோல்! அடுத்த நிமிடமே ஷியரர் பெனால்டி ஒன்று போட்டார். கொஞ்ச நேரத்தில் ஷியரருக்குக் காலில் அடிபட்டது. அதுதான் அவர் ஆடிய கடைசி ஆட்டம், அந்தப் பெனால்டிதான் கடைசி கோல். நியூகாசில் 4-1 என்று ஜெயித்தது. பிரீமியர் லீக்கில் கோல் போட்ட முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் என்று சோப்ராவின் பெயர் பதிவானது.

சினிமாவாக இருந்தால் இங்கே குலதெய்வம் தன் ஜெர்ஸியைக் கழற்றிப் பையனுக்குப் போட்டுவிடும், வணக்கம் போட்டுவிடலாம். நிஜத்தில் இரண்டே மாதத்தில் சோப்ராவை 5 லட்சம் பவுண்டுக்கு வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகர அணிக்கு விற்றுவிட்டார்கள். பழையபடி இரண்டாவது படி.

கார்டிஃபில் முதல் சீசனிலேயே 22 லீக் கோல். 5 லட்சத்துக்கு வாங்கியவரை ஒரே வருடத்தில் 50 லட்சத்துக்கு விற்றார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய். வாங்கியது யார் தெரியுமா? சண்டர்லேண்டேதான்! நியூகாசில் பையன் எதிரி முகாமுக்குப் போகிறான். 2007 ஆகஸ்ட் 11, டாட்டன்ஹாமுக்கு எதிராக முதல் ஆட்டம். கடைசி நிமிடங்களில் வந்து வெற்றி கோல் போட்டார். பிரீமியர் லீக்கில் அந்த சீசனில் மொத்தம் 6 கோல். மோசம் என்று சொல்ல முடியாது, 50 லட்சத்துக்குப் போதாது. அடுத்த வருடமே கார்டிஃபுக்கு இரவல், அதற்கடுத்த வருடம் நிரந்தரமாகவே கார்டிஃப். 2009 செப்டம்பரில் டார்பி அணிக்கு எதிராக மறுபடி ஒரே ஆட்டத்தில் நாலு கோல்.

இந்த மாதிரி ஆட்டக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இரண்டாவது படியில் ராஜா, முதல் படியில் சுமார். முதல் படியில் ஸ்ட்ரைக்கருக்குக் கிடைக்கும் நேரம் அரை நொடி குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அரை நொடியை வைத்து ஒருவனைத் தோற்றவன் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது படியில் வருடத்துக்கு இருபது கோல் போடுவது ஒரு முழுத் தொழில். அதில் அவர் கெட்டிக்காரர்.

2010 மே 22. லண்டன் வெம்ப்ளி மைதானம். கார்டிஃபும் பிளாக்பூலும். ஜெயித்தால் பிரீமியர் லீக். இந்த ஒற்றை ஆட்டத்தின் மதிப்பு 9 கோடி பவுண்ட் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஒன்பதாவது நிமிடத்தில் முதல் கோல் போட்டவர் சோப்ரா. முதல் பாதியிலேயே ஐந்து கோல் விழுந்து 3-2 என்று பிளாக்பூல் முந்தியது. இரண்டாம் பாதியில் கோலே இல்லை. அவ்வளவுதான், கதவு மூடியது. அதற்குப் பிறகு அவர் முதல் படிக்குத் திரும்பவே இல்லை.

இதுவரை சொன்னது எல்லோரும் பார்த்த கதை. உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

கார்டிஃபிலிருந்து 2011இல் இப்ஸ்விச் அணிக்கு மாறினார். அந்த அக்டோபரில் தனக்குச் சூதாட்டப் பழக்கம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, விளையாட்டு வீரர்களுக்கென்றே இருக்கும் 'ஸ்போர்ட்டிங் சான்ஸ்' சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். அந்த மையமே முன்னாள் ஆர்சனல் அணித் தலைவர் டோனி ஆடம்ஸ், தன் குடிப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்தபின் 2000இல் ஆரம்பித்ததுதான். சோப்ரா தோற்றது 15 லட்சம் முதல் 20 லட்சம் பவுண்ட் வரை இருக்கும் என்று அவரே சொன்னார். நியூகாசிலில் பதின்ம வயதிலேயே தொடங்கிவிட்டதாம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வழியில் சீட்டாட்டம், அப்புறம் குதிரை, அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம். கடன் கொடுத்தவர்கள் பயிற்சி மைதானத்துக்கே வந்து நிற்கும் நிலை. கடனை அடைக்க இப்ஸ்விச் கிளப்பே இரண்டரை லட்சம் பவுண்ட் கொடுத்தது. அந்த நிலையிலும் அந்த சீசனில் 14 கோல் போட்டிருக்கிறார் மனுஷன். எனக்கு ஆபீசில் மேனேஜர் முறைத்தாலே அன்றைக்கு வேலை ஓடாது.

2013இல் பிரிட்டனின் குதிரைப் பந்தய ஆணையம் அவருக்கு 10 வருடத் தடை விதித்தது. குதிரை தோற்கும் என்று பந்தயம் கட்டும் வழி ஒன்று அங்கே உண்டு. ஜாக்கி ஒருவரைக் கையில் போட்டுக்கொண்டு அப்படிக் கட்டிய கும்பலோடு சேர்த்து இவர் பெயரும் வந்தது. ஆகவே இவர் வெறும் ஏமாந்த பிள்ளை என்று நான் எழுதவில்லை. செய்த தப்பு தப்புதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கால்பந்து வீரனுக்குப் பயிற்சி மதியத்தோடு முடிந்துவிடும். இருபத்திரண்டு வயது, கை நிறையப் பணம், நீளமான மதியப் பொழுது, தெருவுக்கு ஒரு பந்தயக் கடை. சண்டர்லேண்டுக்காக அந்த முதல் வெற்றி கோலைப் போட்டபோது அவர் நெஞ்சில் அச்சடித்திருந்த பெயர் 'பாயில்ஸ்போர்ட்ஸ்'. அயர்லாந்துப் பந்தயக் கம்பெனி, அணியின் விளம்பரதாரர்! ஒருவனைச் சாராயக் கடையிலேயே குடிவைத்துவிட்டுக் குடிக்காதே என்று சொன்ன கதை. ஜெர்ஸியின் முன்பக்கத்தில் பந்தயக் கம்பெனிப் பெயர் போடுவதை 2025-26 சீசன் முடிவோடு நிறுத்திக்கொள்வதாகப் பிரீமியர் லீக் கிளப்புகள் 2023இல்தான் ஒப்புக்கொண்டன. முன்பக்கம் மட்டும். கைப்பக்கம் போடலாமாம்!

எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள், நான் திறக்கிறேன். என் சித்தப்பா 1974இல் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து பரேல் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தவர். அப்போதைய பம்பாயில் மட்கா என்பது தெரியாத மில் தொழிலாளி கிடையாது. நியூயார்க் பருத்திச் சந்தையின் ஆரம்ப விலை, முடிவு விலை எண்களின் மேல் பந்தயம் கட்டுவதில் தொடங்கிய ஆட்டம் அது. 1960களில் அந்த விலைகள் வருவது நின்றதும், ரத்தன் கத்ரி போன்றவர்கள் எண்களைக் குலுக்கி எடுத்து ஆட்டத்தை நடத்தினார்கள். 'ஓப்பன்', 'க்ளோஸ்' என்று தினம் இரண்டு எண். நாலணா வைத்தும் ஆடலாம். ஊரில் என் அப்பாவுக்குச் சித்தப்பாவிடமிருந்து முதல் வருடம் மாதா மாதம் மணியார்டர் வந்தது. இரண்டாம் வருடம் கடிதம் வந்தது. மூன்றாம் வருடம் ஒன்றும் வரவில்லை. பாட்டி தபால்காரரைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவாளாம். 1982இல் மில் வேலைநிறுத்தம் வந்ததும் எல்லோரும் அதைக் காரணமாகச் சொன்னார்கள். சித்தப்பாவும் சொன்னார். அதற்கு ஆறு வருடம் முன்பே மோதிரம் போயிருந்தது என்பது அவருக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். நான் மும்பை வந்தபோது செம்பூரில் என்னைக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். பில்லை நான் கொடுக்கப் போனபோது அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் சோப்ராவின் கணக்கைப் படிக்கும்போது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 20 லட்சம் பவுண்டும் நாலணாவும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றுதான். இரண்டுமே அவரவரிடம் இருந்தது எல்லாம்.

சரி, கதைக்கு வருகிறேன். இப்ஸ்விச்சுக்குப் பிறகு 2013இல் பிளாக்பூல், அங்கே சரியாக அமையவில்லை. அந்த நேரத்தில்தான் இந்தியாவில் ஐ.எஸ்.எல். தொடங்குகிறது. எட்டு அணி, வெளிநாட்டுப் பழைய பெயர்கள், டெண்டுல்கர் கேரளாவுக்கு ஒரு உரிமையாளர், கங்குலி கொல்கத்தாவுக்கு. 2014இல் சோப்ரா கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். முன்னாள் இங்கிலாந்து கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் அங்கே ஆட்டக்காரரும் அவரே, மேனேஜரும் அவரே. கூடவே இயான் ஹ்யூம். கனடாக்காரர், இவரும் இங்கிலாந்தின் கீழ்ப் படிகளிலேயே உழன்றவர். 2008இல் பார்ன்ஸ்லிக்கு ஆடும்போது எதிரணிக்காரரின் முழங்கை பட்டு மண்டையோடு உடைந்து ஆபரேஷன் ஆகி, மறுபடி களத்துக்கு வந்தவர். கேரளாவை இறுதி வரை இழுத்து வந்ததில் ஹ்யூமின் கோல்களுக்குப் பெரிய பங்கு. அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. சோப்ராவுக்குத் தொடைத் தசையில் காயம், பாதி நாள் வெளியே. கோல் ஒன்றும் இல்லை.

ஆக, நெருளில் நாங்கள் உட்கார்ந்த அந்தச் சாயங்காலம், இன்னும் மூன்று நாளில் 31 வயது ஆகப் போகிற ஒரு ஸ்ட்ரைக்கர், தன் அப்பா வழி நாட்டில், இந்த நாட்டில் ஒரு கோலும் போடாமல், இறுதிப் போட்டியில் நிற்கிறார். முப்பத்தாறாயிரம் பேர். இரண்டாம் பாதியில் அவருக்கு வாய்ப்புகள் வந்தன. பார்ன்ஸ்லியில், கார்டிஃபில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மாதிரியானவை. கொல்கத்தா கோல்கீப்பர் எடெல் தடுத்துவிட்டார். எனக்கு முன்னால் இருந்த மஞ்சள் ஜெர்ஸிக்காரர் மலையாளத்தில் ஒன்று சொன்னார். எங்கள் ஊர் கேரள எல்லை, ஆகையால் எனக்குப் புரிந்தது, இங்கே எழுத முடியாது. தொண்ணூறு நிமிடம் தாண்டி, எல்லோரும் கூடுதல் நேரத்துக்குத் தயாராக இருக்கும்போது ஒரு கார்னர். மாற்று ஆட்டக்காரராக வந்த முகமது ரஃபீக் தலையால் முட்டினார். கொல்கத்தா 1, கேரளா 0. அத்தனை வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவில் கோப்பையை முடிவு செய்தது ஒரு வங்காளத்துப் பையன். நீல ஜெர்ஸி போட்ட எங்கள் வீட்டுப் பையன் மட்டும் எங்கள் வரிசையில் துள்ளிக் குதித்தான். நான் அவனை இழுத்து உட்கார வைத்தேன், ஊர் போய்ச் சேர வேண்டுமே :-)

சோப்ரா அடுத்து ஸ்காட்லாந்தில் அல்லோவா என்ற சின்ன ஊர் அணிக்கு ஆடினார். 2016இல் மறுபடி கேரளா. அந்த அக்டோபரில் கொச்சியில் நடந்த ஆட்டத்தில் கடைசியாக ஒரு கோல் விழுந்தது. எதிரணி யார்? எங்கள் மும்பை! அந்த ஒரு கோலில் கேரளா ஜெயித்தது. மும்பையில் பிறந்த என் மகனுக்கு அன்று கோபம். எனக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோஷம்.

இப்போது மகன் ரயிலில் கேட்ட கேள்வி. ஏன் ஃபாரின் கணக்கு?

சோப்ராவுக்கு இந்திய அணிக்கு ஆட ஆசை இருந்தது. 2010-11 வாக்கிலேயே அதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆனால் இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓ.சி.ஐ. அட்டை 2005இல் வந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு நாட்டுக்காக ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள்தான் தேசிய அணிகளில் ஆடலாம் என்று 2008இல் மத்திய அரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கே குடியிருந்து, விண்ணப்பம் போட்டு... பிழைப்பு அங்கே இருக்கிறவன் எப்படிச் செய்வான்? அவர் செய்யவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குப் பாஸ்போர்ட் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

செய்தவர்களும் உண்டு. அராட்டா இசுமி ஜப்பானில் பிறந்தவர், அப்பா இந்தியர். எங்கள் மும்பையின் மஹிந்திரா யுனைட்டெட் அணிக்கு ஆடியவர். (அந்த அணியையே 2010இல் மூடிவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.) ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். 2025 நவம்பரில் ரயன் வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, போர்ட்ஸ்மவுத், பார்ன்ஸ்லி, ராதரம், ஆக்ஸ்ஃபோர்ட் என்று இங்கிலாந்தின் கீழ்ப் படிகளில் வருடக்கணக்காக ஓடி, 2023இல் பெங்களூர் அணிக்கு வந்த முன்கள ஆட்டக்காரர். அவர் அம்மா பிறந்தது மும்பையில், ஆங்கிலோ இந்தியக் குடும்பம். தாய்வழித் தாத்தா 1950களில் பம்பாய் அணிக்காகச் சந்தோஷ் டிராபி ஆடியவர். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டார். வயது 32. அந்தச் செய்தியை நான் படித்தது அதே பன்வேல் வண்டியில், அதே கழியின் மேல்.

பத்து வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் இப்போது இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் மேற்படிப்பு படிக்கிறான். போன புதிதில் அவன் அறையிலிருந்து காலேஜுக்கு நடக்கும் வழியில் மூன்று பந்தயக் கடை இருக்கிறது என்று சொன்னான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே நம் நாட்டிலும் தெருவில் கடை இல்லையே தவிர எல்லோர் கைபேசியிலும் இருந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்யும் வரை, சம்பளத்தை ரம்மியில் விட்டவன் கதை ஒவ்வொரு ஆபீசிலும் ஒன்றாவது இருந்தது. எங்கள் ஆபீசில் இரண்டு. மகனிடம் சித்தப்பா தாத்தாவின் கதையை முதல் தடவையாகப் போனில் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அன்னைக்கு ஏம்ப்பா சொல்லல, தோசை மட்டும்தான் சொன்னீங்க" என்றான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஷெஃபீல்டிலிருந்து அரை மணி ரயில், பார்ன்ஸ்லி போயிருக்கிறான். எனக்காகவாம். ஓக்வெல் மைதானத்தின் படம் அனுப்பினான். சிவப்பு நாற்காலிகள், மேலே சாம்பல் வானம், சின்ன மழை. பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா இவனைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவன் மும்பை என்றிருக்கிறான். (தமிழ்நாடு என்று சொல்லவில்லை, கவனித்தேன்.) அப்புறம் பேச்சுவாக்கில், எங்கப்பாவுக்கு மைக்கேல் சோப்ரா என்றால் ரொம்பப் பிடிக்கும் என்றிருக்கிறான்.

தாத்தா களத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம்.

"பதினேழு" என்றாராம்.